ஆற்றுக்கு மேலே ஒரு கறுப்புப் புள்ளி

கத்தரீன் அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் டீயைக் குடித்தோமா, அண்ணியோடு நாலு ஊர்க்கதை பேசினோமா, படுத்தோமா என்று இருந்திருக்கலாம். இருந்தாளா? கோலாலம்பூரிலிருந்து சுருட்டிக் கொண்டுவந்த படத்தைத் தரையில் விரித்து, நாலு மூலைக்கும் நாலு டம்ளரை வைத்து, ஆற்றுத் தண்ணீர் எங்கேயும் போய்விடவில்லை, மேலே பத்திரமாக இருக்கிறது என்று இருளப்பக் கங்காணியிடம் சொல்லிவிட்டாள். மூன்று மாதமாகத் தண்ணீருக்கு நாயாய் அலைந்த லயத்தில் சொல்லக்கூடிய பேச்சா அது?

அந்த லயம் பட்ட பாட்டைக் கொஞ்சம் சொன்னால்தான் விளங்கும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தைந்தாம் வருஷம் அது. கேமரன் மலையில், கோலா தெர்லாவிலிருந்து கம்போங் ராஜா போகிற ரோட்டில் பிரிந்து மேலே ஏறினால் அந்தத் தேயிலைத் தோட்டம் வரும். கூலிக்காரர்களின் வரிசை வீடுகளான கீழ் லயம் ஆற்றை ஒட்டியது. ஆறு என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம், பாறைக்குப் பாறை கால் வைத்தால் அக்கரை. ஆனாலும் குடிக்க, குளிக்க, துவைக்க, மாரியம்மன் கோயில் கரகத்துக்கு என்று எல்லாவற்றுக்கும் அந்த ஆறுதான். பொங்கல் முடிந்த கையோடு அது இளைக்க ஆரம்பித்தது. மாசி பிறந்தபோது குழாயைத் திறந்தால் காற்றுத்தான் வந்தது. தோட்டத்து லோரி பீப்பாயில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றும். அதற்கு வரிசை, வரிசையில் சண்டை, சண்டையில் பேச்சுவார்த்தை முறிந்த வீடுகள் என்று லயமே நாறிப் போயிருந்தது. கொழுந்து கிள்ளிவிட்டு வருகிற பெண்கள் கைகழுவக்கூடக் கணக்குப் பார்த்தார்கள்.

சித்திரை பிறந்ததும் மழை பிடித்தது. மலை முகட்டில் தினமும் கொட்டியது. எல்லோரும் ஓடிப்போய் ஆற்றைப் பார்த்தார்கள். ஆறு அப்படியே கிடந்தது. இங்கேதான் ஜனங்களுக்குப் பொறுமை போனது. மழை இல்லாமல் ஆறு காய்ந்தால் தலையெழுத்து என்று கிடக்கலாம். மழை கொட்டியும் ஆறு காய்ந்து கிடந்தால் மேலே எவனோ கைவரிசை காட்டுகிறான் என்றுதானே தோன்றும்? கோலா தெர்லா காய்கறித் தோட்டக்காரர்கள்தான் மறித்துவிட்டார்கள் என்று ஒருவர் சொல்ல, லயம் முழுக்க அதையே சொன்னது. போய்க் கேட்டும் பார்த்தார்கள். எங்களுக்கு அந்த ஆற்றோடு சம்பந்தமே இல்லை என்று அவர்கள் சத்தியம் பண்ணினார்கள். யார் நம்பினார்கள்? குழாய்க்குத் தண்ணீர் பிடிக்கிற தொட்டிக்கு மேலே செங்குத்தான காடு. அட்டைக் கடியும் வழுக்குப் பாறையும் தாண்டி அதற்குள் ஏறிப் பார்த்தவர்கள் யாரும் இல்லை.

கத்தரீன் அந்த லயத்தில் பிறந்தவள். அப்பா அம்மா இரண்டு பேரும் காலமாகி, அண்ணன் தோமஸ்தான் அவளைப் படிக்க வைத்தான். அவன் தோட்டத்தில் கொழுந்து லோரி ஓட்டுகிறான். மாரியம்மன் கோயில் வீட்டுப் பெண்ணான மணியம்மாவை அடம்பிடித்துக் கல்யாணம் பண்ணிக்கொண்டவன். பிரிஞ்சாங் மாதா கோயிலுக்கும் போவான், மாரியம்மன் திருவிழாவுக்குப் பந்தலும் போடுவான். தங்கச்சிக்குத் தலைநகரத்தில் நில அளவை சம்பந்தமான ஓர் ஆப்பீஸில் வேலை கிடைத்தபோது லயம் முழுக்க மிட்டாய் கொடுத்தான்.

அவள் வேலை விண்வெளியிலிருந்து எடுத்த படங்களைப் பார்ப்பது. பூமியைச் சுற்றுகிற செயற்கைக்கோள் ஒன்று, வந்த இடத்துக்கே திரும்பத் திரும்ப வந்து படம் எடுக்கிறது. போன வருஷத்துப் படத்தையும் இந்த வருஷத்துப் படத்தையும் வெளிச்ச மேஜையில் வைத்து, இந்த வெப்ப நாட்டில் எந்த ஏரி சுருங்கியது, எந்த மலையில் தண்ணீர் வற்றியது என்று கோடு போட்டுக் காட்ட வேண்டும். அந்தப் படத்தின் நிறங்கள் நாம் பார்க்கிற நிறங்கள் இல்லை. காடும் தேயிலையும் சிவப்பாகத் தெரியும், தண்ணீர் கறுப்பாக, வெறும் மண் நீலம் கலந்த சாம்பலாக. பழகாதவர்களுக்குத் தலை சுற்றும். பெரிய தொல்லை மேகம். கேமரன் மலைப் படம் என்றால் பஞ்சு மூட்டையை அவிழ்த்துக் கொட்டியதுபோல இருக்கும், பாதிக்கு மேல் ஒன்றும் தெரியாது.

மாசி மாதத்தில் ஒருநாள் மேகம் விலகிய நேரம் பார்த்து எடுத்த படம் ஒன்று அந்த வாரம்தான் அவள் மேஜைக்கு வந்தது. சொந்த மலையைப் பார்த்ததும் பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு குனிந்தாள். அவர்கள் ஆற்றின் மேல்முனையில், இரண்டு ஓடைகள் சேர்கிற இடத்தில், கடுகளவு கறுப்பு. இரண்டு வருஷத்துக்கு முந்தைய படத்தில் அங்கே சிவப்புதான் இருந்தது. மேக நிழலும் கறுப்பாகத்தான் தெரியும், அதில் ஏமாந்தவர்கள் நிறைய. அவள் ஏமாறவில்லை. காலை வெயிலில் எடுக்கிற படம், எல்லா மேகத்துக்கும் நிழல் ஒரே பக்கம்தான் விழும். இந்தக் கறுப்புக்கு எதிர்ப்பக்கத்தில், வெயில் வருகிற திசையில், மேகமே இல்லை. அது தண்ணீர்தான். ஆப்பீஸில் மேலதிகாரியும் பார்த்துவிட்டுத் தட்டிக்கொடுத்தார். பழைய படத்திலும் புதுப் படத்திலும் ஓரம் வீணாகிப்போன பிரதி ஒவ்வொன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டு, தாப்பா வழியாகப் பஸ் ஏறி வந்துவிட்டாள். தாகத்தில் தவிக்கிற லயத்துப் பிள்ளை தண்ணீரைக் கண்டால் வேறெதைப் பார்க்கும்? அவளும் கறுப்பை மட்டுமே பார்த்தாள்.

இருளப்பன் கங்காணி மட்டுமல்ல, கோயில் தலைவரும் அவர்தான். கட்டை குட்டையான ஆள், குரல் மட்டும் காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக் களத்தில் கூப்பிட்டால் அடுத்த மலைக்குக் கேட்கும். அவர் படத்தின் முன்னால் குந்தி உட்கார்ந்து, கத்தரீன் விரல் வைத்த இடத்தை நெடுநேரம் பார்த்தார். இதே இடத்தில் முன்னே தண்ணீர் இல்லையா என்று கேட்டார். இல்லை என்றாள். யாராவது மறித்தால்தானே தண்ணீர் இப்படித் தேங்கும் என்று கேட்டார். ஏதோ ஒன்று மறித்திருக்கிறது என்றாள். அவளுக்கு 'ஏதோ', அவருக்கு 'எவனோ'. கண்ணில் நீர் கோத்துவிட்டது அவருக்கு.

"ஆத்தா கண்ண தொறந்துட்டாம்மா," என்றார். "நாளைக்கே போயி வெட்டி விட்டுர்றோம்லா."

நாளைக்கே என்றதற்கும் காரணம் இருந்தது. திருவிழாவுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை ஆண்கள் தண்ணீர்த் தொட்டிவரைக்கும் ஏறிப்போய் வாய்க்காலில் சேர்ந்த இலையையும் மணலையும் வாரிவிடுவார்கள். விரதம் இருக்கிற பெண்கள் கீழே ஆற்றுக்குள் இருக்கிற தட்டைப் பாறையில் மஞ்சள் சேலையோடு காத்து நிற்பார்கள். வாய்க்கால் சுத்தமாகி வருகிற முதல் தண்ணீரைக் கரகச் செம்பில் பிடித்துக் கோயிலுக்குக் கொண்டுபோக வேண்டும். அதுவரைக்கும் பாறையை விட்டு இறங்கக் கூடாது, பச்சைத் தண்ணீர் பல்லில் படக் கூடாது. வருஷா வருஷம் நடப்பதுதான். இந்த வருஷம் தண்ணீரே இல்லாமல் திருவிழா நின்றுபோகுமோ என்று இருளப்பன் தூக்கமில்லாமல் கிடந்தார். தோமஸ் மட்டும் ஒரு வார்த்தை சொன்னான், முதலில் போய்ப் பார்த்துவிட்டு வந்து, அப்புறம் வெட்டுவதா வேண்டாமா என்று யோசிக்கலாமே என்று. பார்த்துவிட்டு வந்து மறுபடி ஏற எவனுக்குக் காலில் பலம் இருக்கிறது என்று கங்காணி அவன் முதுகில் ஓங்கித் தட்டினார். எல்லோரும் சிரித்தார்கள். கத்தரீனும் சிரித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அவள் எழுந்தபோது வீடு காலி. விடிந்ததும் ஆண்கள் மண்வெட்டியும் பாராங் கத்தியுமாக ஏறிவிட்டார்கள். மணியம்மா மஞ்சள் சேலை கட்டிக்கொண்டு ஆற்றுக்குப் போய்விட்டாள். கத்தரீன் அரை வாளித் தண்ணீரில் முகம் கழுவி, காப்பி போட்டுக்கொண்டு, பின்வாசல் வெளிச்சத்தில் படத்தை மறுபடி விரித்தாள். எதற்கு? பெருமைதான். தான் கண்டுபிடித்த புள்ளியை இன்னொரு தரம் கொஞ்சிப் பார்க்க.

பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தவள் புள்ளிக்குப் பக்கத்தில் ஒரு சாம்பல் கீற்றைக் கண்டாள். முகட்டிலிருந்து ஓடைவரைக்கும் நாக்கு மாதிரி நீண்டிருந்தது. வெறும் மண். ஆப்பீஸிலும் அது கண்ணில் பட்டதுதான், ஏதோ புதுக் காய்கறித் தோட்டம் என்று விட்டுவிட்டாள். இப்போது பழைய படத்தை எடுத்து ஒப்பிட்டாள். அப்போது இல்லை. சரி, தோட்டம் என்றால் லோரி போக வழி வேண்டாமா? எந்தத் தோட்டத்துக்கும் சாம்பலில் ஒரு நூல் மாதிரி பாதை தெரியும். இதற்கு எந்தப் பக்கத்திலிருந்தும் பாதை இல்லை. மேலே குறுகி, கீழே அகன்று, ஓடையில் போய்க் குவிந்திருந்தது. காட்டுக்கு நடுவில் இப்படியொரு மண் எப்படி வரும்?

மலை சரிந்தால் வரும்.

மார்கழிக் கடைசி மழையில் முகடு சரிந்து, மண்ணும் மரமும் கல்லுமாக ஓடையில் விழுந்து அடைத்திருக்கிறது. எவனும் அணை கட்டவில்லை. எந்தக் காய்கறித் தோட்டக்காரனும் தண்ணீரைத் திருடவில்லை. கெட்டிப்படாத சேற்று மூட்டை ஒன்று ஒரு குளத்தைத் தாங்கிக்கொண்டு நிற்கிறது. மாசியில் எடுத்த படத்திலேயே அந்த அளவு. அதற்கப்புறம் சித்திரை மழை முழுக்க அதற்குள்தான் போயிருக்கிறது. அதன் வாயில் மண்வெட்டியால் ஒரு கொத்து கொத்தினால் போதும். கொத்தத்தான் போயிருக்கிறார்கள். அனுப்பியது யார்? அவள்தான்.

காப்பிக் கோப்பை கவிழ்ந்ததுகூடத் தெரியாமல் ஓடினாள். லயம் முடிகிற இடத்தில் பாதை இரண்டாகப் பிரிகிறது. ஒன்று மலைக்கு, ஒன்று ஆற்றுக்கு. அந்த இடத்தில் கால் நின்றுவிட்டது. மேலே அண்ணன் இருக்கிறான். தன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போனவன். கீழே லயத்துப் பெண்கள் அத்தனை பேரும், அவர்களோடு ஒட்டிக்கொண்டு போன சிறுசுகளும், காய்ந்த ஆற்றுக்கு நட்ட நடுவில் நிற்கிறார்கள். மலைக்கு ஓடினாலும் அவர்களைப் பிடிக்க முடியாது, எப்போதோ போய்ச் சேர்ந்திருப்பார்கள். ஆறு கூப்பிடு தூரம். புத்திக்கு இது புரிந்தது, மனசு கேட்கவில்லை. "அண்ணே" என்று மலையைப் பார்த்து ஒரு தரம் கத்தினாள். யாருக்குக் கேட்கும்? ஆற்றுப் பக்கம் திரும்பி ஓடினாள், அழுதுகொண்டே ஓடினாள்.

பாறையில் திருவிழாக் களைதான். ஈப்போவிலிருந்து வரவழைத்த வேப்பிலை, மஞ்சள், குங்குமம், ஊதுபத்தி. நடுவில் சிவப்புத் துணிமேல் பித்தளைக் கரகச் செம்பு. அதைத் தொடுகிற உரிமை காளியம்மா ஒருத்திக்குத்தான், இருளப்பன் பெண்டாட்டி. உலர்ந்த உதட்டோடு, நிமிர்ந்த முதுகோடு நின்றிருந்தாள். பிள்ளைகள் ஆற்றுக் கற்களில் கண்ணாமூச்சி ஆடிக்கொண்டிருந்தார்கள்.

கத்தரீன் கரையில் நின்றபடி மூச்சு வாங்க வாங்கச் சொன்னாள். மேலே இருப்பது அணை இல்லை, மலைச்சரிவு, அதை வெட்டினால் மொத்தமாகப் பெயர்ந்து வரும், எல்லோரும் உடனே மேலே ஏறுங்கள் என்று. பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மணியம்மாவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. நாத்தனார் நல்ல நாளும் அதுவுமாக எல்லோர் முன்னாலும் பேய் பிடித்தவள்போலத் தலைவிரி கோலமாக நிற்கிறாளே என்று. வீட்டுக்குப் போ என்று கண்ணாலேயே சொல்லிப் பார்த்தாள்.

காளியம்மா கோபப்படக்கூட இல்லை. சாமி காரியத்தில் நிற்கிற இடத்தில் கோபப்படக் கூடாது என்று விரதம்.

"நேத்து நீதானே புள்ள மேல தண்ணி இருக்குன்னே?"

"ஆமா அத்த. இருக்கு. அதாலதான் சொல்றேன்."

"அப்ப வரட்டும். அதுக்குத்தானே நிக்கிறோம்."

அந்த நேரத்தில்தான் அது வந்தது. பாறைக்கு மேற்புறம் இரண்டு கற்களுக்கு நடுவே ஈரம் கசிந்து, விரல் பருமனாகி, கை பருமனாகிச் சலசலவென்று இறங்கியது. செம்மண் கலந்த தண்ணீர். மூன்று மாதம் கழித்து வருகிற தண்ணீர். ஒருத்தி குலவை போட்டாள், உடனே முப்பது வாயும் சேர்ந்து குலவை போட்டன. பிள்ளைகள் குதித்து வந்து காலை நனைத்தார்கள். மணியம்மா இரண்டு கையிலும் அள்ளி முகத்தில் வைத்துக்கொண்டு அழுதாள். காளியம்மா இது கலங்கல், தெளியட்டும், தெளிந்த பிறகுதான் பிடிக்க வேண்டும் என்று சொல்லிக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

வெட்டிவிட்டார்கள். இனிமேல் வார்த்தைக்கு வேலை இல்லை. இந்தப் பெண்களை ஆற்றிலிருந்து வெளியேற்ற உலகத்தில் எந்தப் பேச்சாலும் முடியாது. கண்ணெதிரே தண்ணீர் வந்துகொண்டிருக்கிறது, காத்திருந்த தண்ணீர். அவள் செருப்புக் காலோடு பாறைமேல் தாவினாள். கரகச் செம்பைத் தூக்கினாள். தூக்கி இடுப்பில் இடுக்கிக்கொண்டு, கரையேறித் தேயிலைக்குள் ஓடினாள்.

ஒரு கணம் யாருக்கும் என்ன நடந்தது என்றே விளங்கவில்லை. அப்புறம் எழுந்தது பாருங்கள் ஒரு கூச்சல். ஆத்தா செம்பைச் செருப்புக் காலோடு வந்து தூக்கிவிட்டாள், வேதக்காரச் சிறுக்கி தூக்கிவிட்டாள். விரதமாவது மண்ணாவது, அத்தனை பெண்களும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவள் பின்னால் ஏறினார்கள். பெரியவர்கள் ஓடினால் சிறுசுகள் நிற்குமா, வேடிக்கை பார்க்க அவையும் பின்னாலேயே ஓடி வந்தன. கத்தரீன் திரும்பிப் பார்த்தாள். ஒருத்தியும் மிச்சமில்லை என்று தெரிந்ததும் இன்னும் வேகமாக ஏறினாள். இடுப்பளவு தேயிலைச் செடி இரண்டு பக்கமும் கீறியது. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினாள் என்று சொல்வார்களே, அவள் பிடித்துக்கொண்டு ஓடியது அவர்களுடைய உயிரை. அது அவர்களுக்குத் தெரியாது.

மேட்டுப் பாதையில் காளியம்மாதான் முதலில் பிடித்தாள். முடியைக் கொத்தாகப் பற்றித் திருப்பிக் கன்னத்தில் அறைந்தாள். மறு கன்னத்திலும் அறைந்தாள். பின்னால் வந்தவர்களும் கிடைத்த இடத்தில் அடித்தார்கள். கத்தரீன் செம்பை விடவில்லை, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு குனிந்து அத்தனை அடியையும் வாங்கினாள். மணியம்மா குறுக்கே விழுந்து தடுக்கப் பார்த்து அவளும் இரண்டு வாங்கினாள்.

முதலில் பூமி அதிர்ந்தது. லோரிகள் வரிசையாக ஏறி வருவதுபோல ஒரு சத்தம். ஓங்கிய கைகள் அப்படியே நின்றன. பச்சை மண் வாடை முகத்தில் அடித்தது. கீழே பார்த்தார்கள். ஆறு தண்ணீராக வரவில்லை, சேறாக வந்தது. முழு மரங்களை வேரோடு புரட்டிக்கொண்டு, வீட்டளவு கல்லை உருட்டிக்கொண்டு வந்தது. தட்டைப் பாறை இருந்த இடம் தெரியவில்லை. ஊதுபத்தியும் வேப்பிலையும் சிவப்புத் துணியும் இருந்த இடத்துக்கு மேலே இரண்டு ஆள் உயரத்துக்குச் சேறு ஓடியது. லயத்தின் கடைசி வீடுகளின் சமையற்கட்டை அது போகிற போக்கில் நக்கிக்கொண்டு போனது. பெண்கள் பிள்ளைகளை இழுத்து அணைத்துக்கொண்டு எண்ணினார்கள். மறுபடியும் எண்ணினார்கள். எல்லோரும் இருந்தார்கள்.

காளியம்மாவின் கையில் இன்னும் கத்தரீனின் முடி இருந்தது. மெதுவாக விட்டாள்.

"மேல ஆம்பளைங்க..." என்றாள்.

அதற்கப்புறம் எல்லோரும் முகட்டுப் பாதையைப் பார்த்தபடியே நின்றார்கள். சத்தம் அடங்கியது. வெயில் ஏறியது. முதல் ஆள் தெரிந்தபோது யார் என்று அடையாளம் தெரியவில்லை, தலை முதல் கால்வரை சேறு. பின்னால் இன்னொருவன். அப்புறம் மூன்று பேர், அப்புறம் ஒரு கூட்டம். ஒவ்வொருவனையும் அவனவன் வீட்டுக்காரி ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டாள். தோமஸ் நொண்டிக்கொண்டு வந்தான். மணியம்மா அவன் மார்பில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். கத்தரீன் பாதையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அண்ணன் உயிரோடு வந்துவிட்டான். நன்றி சொல்ல அவள் மாதாவைக் கூப்பிட வாய் திறக்கும்போது காளியம்மாவைப் பார்த்தாள். காளியம்மா இன்னும் பாதையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தோமஸ்தான் சொன்னான். மேலே போனதும் குளத்தைப் பார்த்து எல்லோரும் கும்பிட்டார்களாம். ஓர் ஓரமாக வெட்டியதும் தண்ணீர் இறங்கியது. கொஞ்ச நேரத்தில் காலுக்குக் கீழே மண் கொழகொழவென்று ஆவதைத் தோமஸ் கவனித்தான். ஏறுங்கள் என்று கத்தினான். எல்லோரும் ஏறினார்கள். இருளப்பன் மட்டும் ஏறவில்லை. இந்தத் தண்ணீர் பெண்கள் கைக்குப் போய்ச் சேர்ந்தால்தான் திருவிழா, இன்னும் கொஞ்சம் வாயை அகட்டிவிட்டு வருகிறேன் என்று வெட்டிக்கொண்டே இருந்தார். தோமஸ் இறங்கிப்போய்க் கையைப் பிடித்து இழுத்தான். அவர் உதறிவிட்டு, "வரட்டும்லா தம்பி" என்று சிரித்தார். கரை அவரோடு சேர்ந்து போனது.

அந்த வாரம் தேடாத இடமில்லை. தோட்டத்து ஆட்கள், போலீஸ், கோலா தெர்லா காய்கறித் தோட்டக்காரர்கள்கூடத் தங்கள் லோரியோடும் ஆட்களோடும் வந்தார்கள். யாரைத் திருடன் என்று சொன்னார்களோ அவர்கள் முழங்கால் சேற்றில் நின்று கம்பால் குத்திப் பார்த்தார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை. தோட்டத்துத் துரை வந்து தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றுவிட்டுப் போனார். ஆறு இப்போது நிறைய ஓடியது. லயத்தில் ஒருவரும் அதில் கை நனைக்கவில்லை, பழையபடி லோரித் தண்ணீருக்கே வரிசையில் நின்றார்கள்.

கத்தரீன் வேலைக்குத் திரும்பவில்லை. லயத்தில் பாதிப் பேர் அவளைக் கண்டால் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள், மீதிப் பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். இரண்டுமே அவள் நெஞ்சைப் பிளந்தன. கையைப் பிடித்தவர்களிடம்தான் அதிகம் கூசினாள். பெண்கள் கூடிக் கூடிப் பேசியது வேறொரு விஷயம். உடம்பு கிடைக்காமல் காளியம்மாவின் தாலியை இறக்குவதா வேண்டாமா? இறக்கிவிட்டு அந்த மனுஷன் எங்கேயாவது உயிரோடு இருந்தால்? இறக்காமல் விட்டால் அவர் ஆத்மா என்ன ஆகும்? காளியம்மா ஆற்றில் கட்டியிருந்த அதே மஞ்சள் சேலையோடு சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஒருநாள் காலையில் அவளே எழுந்து தோமஸ் வீட்டுக்கு வந்தாள். கையில் கம்பு. மணியம்மா பதறிப்போய்ப் பாயை விரித்தாள். காளியம்மா உட்காரவில்லை, கத்தரீனைத் தேடிக் கொல்லைப் பக்கம் வந்தாள். கத்தரீன் எழுந்து நின்றாள். இன்னொரு அறை விழுந்தால் தேவலை என்று இருந்தது அவளுக்கு.

"அந்தப் படம், மேல இருந்து எடுக்கிறாங்களே, மறுபடி எடுப்பாங்களாமா?"

"எடுப்பாங்க அத்த."

"அதுல மாமா எங்க கெடக்குறாருன்னு பாத்துச் சொல்றியா?"

சொல்லித்தான் ஆக வேண்டும். அந்தப் படத்தில் ஆள் தெரியாது என்றாள். இந்த லயம் மொத்தமுமே அதில் ஒரு கடுகுக்குக் காணாது, ஒரு மனுஷன் எப்படித் தெரிவான் என்றாள். இல்லாவிட்டால் நான் பார்த்துச் சொல்ல மாட்டேனா என்று கேட்டாள்.

காளியம்மா கம்பை மறு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"தண்ணி மட்டும்தான் தெரியுமா?"

"ஆமா அத்த."

காளியம்மா தலையை ஆட்டிவிட்டுக் கம்பை ஊன்றிக்கொண்டு ஆற்றை நோக்கி இறங்கினாள். கத்தரீன் வேலியில் சாத்தியிருந்த ஒரு கம்பை எடுத்துக்கொண்டு அவள் பின்னால் போனாள்.